காட்சியைக் கெடுத்த லயன் வீடுகள்

அடுத்தவருக்கு விடுமுறை என்றால் நமக்கு வேலை நாள். அடுத்தவர் எடுக்கும் படத்தில் ஓரமாகத் தெரியும் பாதித் தோள் நம்முடையது. சுற்றுலா வழிகாட்டியாக இருந்து தொண்டை கட்டியவர்கள் எல்லோரும் இதற்குத் தலையாட்டுவீர்கள். நான் மலேசியாவின் கேமரன் மலையில் வழிகாட்டி. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயன் வீட்டில் பிறந்தேன். பல்கலைக்கழகத்தில் மானுடப் புவியியல் படித்தேன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், பிறந்த தோட்டத்தையே வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட வந்துவிட்டேன். அந்தப் படிப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க மார்க்சியம். தேர்வோடு மறந்திருந்தால் நிம்மதியாகப் பிழைத்திருப்பேன்.

இயற்கைக்குக் கிடைத்த பாராட்டு

சென்னையிலிருந்து ஒரு குடும்பம். தோட்டத்துத் தேநீர்க் கடையின் காட்சி மேடையில் நின்றுகொண்டு, "இயற்கை எவ்வளவு நீட்டா பண்ணியிருக்கு பாருங்க!" என்றார் அப்பா. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இயற்கை இங்க காடுதான் சார் வச்சிருந்துச்சு. அதை வெட்டினது, செடி நட்டது எல்லாம் கப்பல்ல வந்த ஆளுங்க. எங்க தாத்தாவும் அதுல ஒருத்தர்" என்றேன்.

எங்கள் விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். ஓர் இடம் தானாக அப்படி அமைந்துவிடுவதில்லை, மனிதர்கள் அதை உண்டாக்குகிறார்கள். முதல் போட்டவர் யார், உடம்பைப் போட்டவர் யார் என்று கேட்டால்தான் அந்த மலை ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். இதையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப இன்ட்ரஸ்டிங் மேடம். வெளிச்சம் எந்தப் பக்கத்துல நல்லா விழும்னு சொன்னீங்கன்னா, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவோம்."

படத்துக்கு ஏற்ற தொழிலாளி

சிங்கப்பூர் அம்மா ஒருவருக்குக் கொழுந்து பறிக்கிறவரோடு படம் வேண்டும். சரிவில் வெட்டும் இயந்திரத்தோடு நின்றவன் ரஃபிக், வங்காளதேசத்துக்காரன். எங்கள் லயனிலேயே குடியிருக்கிறான். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணை எதிர்பார்த்து வந்த அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் விளக்கினேன். அன்றைக்குத் தமிழாள் மலிவு, தோட்ட முதலாளிகள் கப்பலேற்றினார்கள். பிள்ளைகள் படித்து டவுனுக்குப் போனதும் அடுத்த மலிவான நாட்டைத் தேடிப் போனார்கள். கூலி எங்கே குறைவோ அங்கே ஆள் பிடிப்பார்கள். எந்த மொழி பேசுகிறான் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. "இங்க வேலை செய்யறவர் இவர்தான்மா" என்று ரஃபிக்கையே பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன்.

"அப்ப ஒரு கூடையையாவது அவர் முதுகுல மாட்டி விடுங்களேன்."

மேலே பங்களா, கீழே லயன்

ஈப்போவிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், மேனேஜர் பங்களா மட்டும் ஏன் உச்சியில் இருக்கிறது என்று கேட்டார். "காத்து நல்லா வரும்னா?" என்றார். காற்றும் வரும்தான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் எந்த லயன் வாசலில் யார் நிற்கிறார் என்று தெரியும். லயனிலிருந்து பார்த்தால் பங்களாவின் விளக்கு மட்டும் தெரியும். நடுவில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீடு. எல்லாவற்றுக்கும் கீழே, மழைக்குத் தண்ணீர் ஏறுகிற ஓடைக்கரையில் நாங்கள். "யாரு யாருக்குக் கீழன்னு மலையிலேயே போட்டுக் காட்டியிருக்காங்க சார்" என்றேன். அவருக்குப் பிடித்திருந்தது. வேனில் வேறு யாருக்கோ பிடிக்கவில்லை, புகார் போய்விட்டது.

மறுநாள் பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் எங்கள் டூர் ஆபீசுக்கு முதலாளி மோகன் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"பூ காட்டு, கியா பார்ம் மார்க்கெட்ல ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடு, போதும். இந்தக் கொமுனிஸ் பேச்சு வேணாம்லா, கலா. அவங்க காட்டுக்குள்ள துப்பாக்கியோட திரிஞ்ச நாடு இது, அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆளுங்களுக்கு இன்னும் பயம்."

பச்சைத் தகரம்

ஒரு நாள் காட்சி மேடைக்குக் கீழே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து படம் எடுத்தால் லயன் வீடுகளும், கொடியில் காயும் துணியும் விழுகின்றனவாம். பச்சை பூசிய தகர வேலி போட்டு மறைக்கப்போகிறார்கள். மறைத்தால் மறைக்கட்டும் என்று விட முடியவில்லை. லயனிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. கிளினிக்குக்குப் போக என் அம்மா அதில்தான் ஏறி வந்து பஸ் பிடிப்பார். கொழுந்துக் கூடையோடு சரிவு ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி அவருடையது. வேலி வந்தால் பேக்டரியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

கிராணியிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காட்சி சுத்தமா வேணும்னு கேக்குறது உங்க ஆளுங்கதானே? வேன் வேனா கொண்டாந்து இறக்குறது நீங்கதானே?"

நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள்

அந்தப் பதில் நெஞ்சில் தைத்தது. தேயிலையை விடத் தோட்டத்தின் அழகு இப்போது நன்றாக விற்கிறது. அந்த அழகில் உழைத்தவர் தெரியக் கூடாது. விற்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அப்படியானால் எதைக் காட்டுவது என்பதும் என் கையில்தானே இருக்கிறது?

பாதையின் குறுக்கே தகரம் அடிக்க வந்த காலையில், எங்கள் லயனிலிருந்து போய்த் தேநீர்க் கடையில் கூட்டிப் பெருக்கும் பார்வதி அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பாதை நடுவில் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா. பிறகு லயனே திரண்டு வந்தது, ரஃபிக்கும் வந்தான். என் வேன் நிறைய ஆட்கள். டிரைவர் செபஸ்தியானிடம், "மேடைக்குப் போகாத, பாதைகிட்ட நிறுத்து" என்றேன். நடப்பதை வந்தவர்களிடம் அப்படியே சொன்னேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டு வேனிலேயே இருந்தார்கள். பலர் இறங்கி வந்து எங்களோடு நின்றார்கள். மேலே மேடையில் இருந்தவர்களின் கைப்பேசிகள் தேயிலையை விட்டு எங்கள் பக்கம் திரும்பின.

மேனேஜர் ஜீப்பில் வந்தார். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி என்னை அதட்டினார். "தோட்டத்தப் பாக்க வந்தவங்க சார். இதுவும் தோட்டம்தான்" என்றேன். அம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். அம்மா அசையவில்லை. "இந்த வழி நாங்க நடந்து நடந்து உண்டானது துரை. தகரத்த வேற எங்கயாச்சும் அடிச்சுக்குங்க" என்றார். மேடையையும் அங்கே நீண்ட கைப்பேசிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு மேனேஜர் ஜீப்பைத் திருப்பினார். வேலி வந்தது, ஆனால் பாதைக்கு ஆள் போகிற அளவு இடம் விட்டுத்தான் அடித்தார்கள். அதே வாரம் மோகன் என்னை வேலையை விட்டு நிறுத்தினார். கடைசியாக வேனில் கொண்டுவந்து விட்டபோது செபஸ்தியான் சொன்னான்.

"நீங்க படிச்சதெல்லாம் எனக்கு வெளங்காதுக்கா. ஆனா அன்னைக்கு துரை மூஞ்சி போன போக்கு நல்லா வெளங்கிச்சு."

இப்போது சொந்தமாக, வேன் இல்லாமல், ஆட்களை லயனிலிருந்து அந்தப் பாதையில் மேலே நடத்தியே கூட்டிப் போகிறேன். வருகிறவர்கள் கொஞ்சம்தான், கேட்கிற கேள்விகள் நிறைய. மார்க்சியப் புவியியல் படித்ததில் எனக்கு வேலைதான் போனது, வழி போகவில்லை.