துர்நடத்தை

கல்லங்குறிச்சி சிந்தாமணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1946 ஆனியில், அவள் போட்ட ஜீவனாம்ச வழக்குக்குக் கொழுந்தன் வீரமுத்து கோர்ட்டில் கொடுத்திருந்த பதில் மனுவை அரியலூர் வக்கீல் குருநாதன் படித்துக் காட்டியபோது, ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

"அதென்னங்க, துர்நடத்தை?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நடத்தை கெட்டவள்னு எழுதியிருக்காரும்மா. அது ருசுவாயிட்டா புருஷன் வூட்டுல குடியிருக்கவும் முடியாது, சாப்பாட்டு நெல்லும் கிடைக்காது."

புருஷன் செத்த பிறகு அவள் கத்தரிக்காய்க் கூடையோடு அரியலூர் சந்தைக்கு நடந்து போய் வந்தாள். ஒரு மழை நாளில் வெற்றிலை வியாபாரியின் வண்டியில் ஏறி ஊர் திரும்பினாள். வீரமுத்து அதைப் பிடித்துக்கொண்டான்.

வார்த்தை ஊருக்குள்ளும் வந்தது. அவள் குளத்தில் இறங்கினால் மற்ற பெண்கள் குடத்தோடு மேலேறினார்கள். அர்த்தம் கேட்டால் யாருக்கும் சொல்ல வரவில்லை. "கோர்ட்டுலயே எழுதியிருக்காமே" என்றார்கள்.

விசாரணையன்று வீரமுத்து தன் மனைவி கலியம்மாளையே சாட்சிக்கு அழைத்து வந்தான். ஓரகத்தி சொன்னால் எடுபடும் என்று அவனுக்கு நினைப்பு. கூண்டில் ஏறிய கலியம்மாள் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி ஒப்பித்தாள்: "வாதி சிந்தாமணி துர்நடத்தை உள்ளவர்."

"அப்படின்னா என்னம்மா?" என்றார் முன்சீப்.

கலியம்மாள் புருஷனைப் பார்த்தாள். "தெரியாதுங்க. சொல்லச் சொன்னாருங்க."

"சரி, நீ கண்ணால பார்த்ததைச் சொல்லு."

சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். கிணற்றடியில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டு வருஷமாக அவளுக்கும் கலியம்மாளுக்கும் பேச்சில்லை.

"மூத்த புள்ள பொறந்தப்ப எனக்கு ஜன்னி கண்டுருச்சிங்க. இவரு பயந்துகிட்டு உள்ளயே வரல. இந்த அக்காதான் பதினோரு நாளு பக்கத்துலயே கெடந்து பார்த்தாங்க. வேற நடத்தை ஒண்ணும் நான் பார்க்கலீங்க."

சிந்தாமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது வீரமுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். இருவரும் வெயிலில் நடந்தார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின? வூட்டுக்குப் போனா அடிப்பானே."

"அடிக்கட்டும்க்கா. அர்த்தம் தெரியாததை எத்தினி தடவ சொல்றது?"

ஆவணியில் தீர்ப்பு வந்தது. மேற்குப் பக்கத்து அறையும் வருஷத்துக்கு எட்டுக் கலம் நெல்லும் சிந்தாமணிக்கு. ஆத்திரம் தாங்காத வீரமுத்து வீட்டின் குறுக்கே சுவர் எழுப்ப ஆள் கூட்டி வந்தான். சுவரில் வழி விடச் சொல்லிக் கலியம்மாள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வாசல் வைத்தார் கொத்தனார்.