கப்பலில் வந்த கோடெக்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மெஷின் ஓடினால் கம்பெனிக்குப் பேரு, ஓடாவிட்டால் நமக்குப் பேரு. இந்த வேலை பார்க்கிறவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் தீவில் மின்னி பே என்ற இடத்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். படிப்பு போரடித்தது, அவ்வளவுதான்.

ஊமை

திருட்டு சிடியும் வைரஸும் வெறுத்துப்போய், வருகிற மெஷினுக்கெல்லாம் இலவச லினக்ஸ் போடச் சொன்னார் முதலாளி. நல்ல சிஸ்டம்தான். ஆனால் எம்பி3 பாடாது, டிவிடி ஓடாது. அந்த ஃபார்மட்டுகளுக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்களாம். அதனால் அவற்றை ஓட்டும் கோடெக் என்ற சின்ன சாஃப்ட்வேரைச் சேர்த்துத் தர மாட்டார்கள். நாமே நெட்டில் இறக்கிக்கொள்ளணும். எங்கள் தீவு நெட்டிலா? பாதி இறங்கும், அறுந்துபோகும். பக்கத்து டீக்கடை பெங்காலிக்காரர், மெஷினை வாங்கிப்போன அன்றே திரும்பி வந்து அரைத் தமிழில் கேட்டார்: "அரே பேட்டி, பொண்ணே, ஃப்ரீல குடுத்தா வாய் தைச்சுதான் குடுக்குமா?"

மகன் கையில்

பெரார்கஞ்ச் கிராமத்துக் கமலா அக்கா சிபியூவைப் பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். மகன் கல்யாணம் மதுரையில் நடந்து முடிந்திருந்தது. கடல் கொந்தளித்து கப்பல் கேன்சல். பெற்ற அம்மாவே போக முடியவில்லை. டிவிடி மட்டும் தபாலில் வந்திருந்தது. நான் போட்டுக்கொடுத்த லினக்ஸில் அது ஓடவில்லை. அடுத்த கப்பலில் மகனும் மருமகளும் வருகிறார்கள், அன்றைக்கே வீட்டில் விருந்து. "தாலி கட்டுறதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் இலையில உக்காரணும். அதுவரைக்கும் ஒரு பருக்கை கிடையாது. உன் பொறுப்பு, பொண்ணு" என்றார்.

மகனுக்கு போன் போட்டு, கப்பல் ஏறுவதற்கு முன் சென்னை நெட் சென்டரில் கோடெக்கை இறக்கி சிடியில் கொண்டுவரச் சொன்னேன். "அக்கா, கோடெக் உங்க மகனோட கப்பல்ல வருது" என்றேன். அக்கா உடனே கேட்டார்:

"அதைத் தூக்கிட்டு வர ஹார்பருக்கு ஆட்டோ போதுமா, ஜீப் சொல்லணுமா?"

இருட்டு மண்டபம்

விருந்தன்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு கொள்ளாத கூட்டம். சாம்பார் வாசனை ஆளைக் கொல்கிறது, ஒரு இலைகூடப் போடவில்லை, எல்லாரும் என்னையே முறைக்கிறார்கள். மகன் கொண்டுவந்த சிடியிலிருந்து கோடெக்கைப் போட்டேன். நாதஸ்வரம் கேட்டது. படம் வரவில்லை, வெறும் கறுப்புத் திரை. பின்னாலிருந்து அக்காவின் தம்பி கத்தினார்: "எவன்டா மண்டபத்துல லைட்டை அணைச்சது? போடச் சொல்லு, பசிக்குது!"

கெட்டி மேளம்

சிடியைக் குடைந்தேன். நல்லவேளை, எது வேணும் என்று தெரியாமல் மகன் மொத்த ஃபோல்டரையும் அள்ளி வந்திருந்தார். விட்டுப்போன ஃபைல் அதிலேயே இருந்தது. போட்டேன். படம் வந்தது! கெட்டி மேளம் முழங்கியதும் அக்கா எழுந்தார். முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் அரிசியை அள்ளி மானிட்டர் மேல் வீசினார். உடனே மொத்தக் கூட்டமும் வீசியது. திரையில் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். பக்கத்தில் அதே மாப்பிள்ளை தலையெல்லாம் அரிசியோடு சிரிக்கிறார். "அக்கா, கீபோர்டு!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"இப்பதான்டா உனக்குக் கல்யாணம் ஆச்சு. ரெண்டு பேரும் கால்ல விழுங்க, சோறு ஆறுது."

உலகத்து ஃபார்மட்டெல்லாம் ஓட்ட வழி கிடைத்துவிட்டது, கீபோர்டு இடுக்கில் போன மஞ்சள் அரிசியை எடுக்கத்தான் இன்னும் எதுவும் இறக்கக் கிடைக்கவில்லை.