பேட்டரிக்குப் பொட்டு வைத்த கதை

பேத்தி ரேவதி எங்கள் வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து அதை வீடாகவே மாற்றிவிட்டாள். நாளைக் காலை குடும்பத்தோடு ராமேஸ்வரம் கிளம்புகிறோம். கட்டிலுக்கு அடியில் உள்ள பேட்டரிக்கு வயர்களை மாட்டுவதுதான் பாக்கி.

மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் நான் வண்டிக்குள் ஏறினேன். முதல் பயணம், பொட்டு வைக்காமல் அனுப்ப முடியுமா? துடைக்காமல் பொட்டுத்தான் வைக்க முடியுமா? ஈரத்துணியால் பேட்டரியையும் வயர்களையும் பளிச்சென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

ரேவதி வந்து பார்த்தாள்.

"அப்பத்தா, வயர்ல ஒட்டியிருந்த பேப்பர்லாம் எங்க?"

"அதுவா? குப்பையில போட்டேன்."

"எது ஃபேன், எது லைட்டு, எது ஃபிரிட்ஜுன்னு அதுலதான எழுதியிருந்தேன். இப்ப எல்லாம் ஒரே செவப்பு. மாத்தி மாட்டுனா நாளைக்கு ராமேஸ்வரம் இல்ல, ஒர்க் ஷாப்புதான்."

"அம்புட்டுத்தான, திரும்ப எழுதி ஒட்டு" என்றேன்.

முறைத்துக்கொண்டே, எது எங்கே போகிறதென்று ஒவ்வொரு வயரையும் மறுநுனிவரை தடவிப் பார்த்துக்கொண்டு போனாள். கட்டில் காலுக்கு அடியில் ஃபிரிட்ஜ் வயர் நசுங்கி, தோல் உரிந்து, கம்பி வெளியே தெரிந்தது.

அதை இழுத்து எனக்குக் காட்டினாள். பிறகு, "இப்படியே மாட்டியிருந்தா வழியில தீப்புடிச்சிருக்கும் அப்பத்தா" என்றாள்.

அந்த வயரை மாற்றி எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். ஃபிரிட்ஜில் ஆயக்குடிக் கொய்யா ஏறியாகிவிட்டது. புதுப் பேப்பர்களின் மேல் டேப் சுற்றியிருக்கிறாள், என் துணிக்குப் பயந்து.

சந்தனத்தை மட்டும் துடைக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது பொட்டா, ஈரத்துணியா, நீங்களே சொல்லுங்கள். எப்படிப் பார்த்தாலும் இரண்டும் என் கையில்தான் இருந்தன.