ஜோசப் மாமா சொல்லச் சொன்னது

ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தபோது ஜன்னல் வழியே ஈர மண் வாசனை வந்தது. மழை பெய்தது தெரியாமலே தூங்கியிருக்கிறேன். வாசல் தெளித்து, பால் வாங்கி, தெருவில் இருபது நிமிடம் நடந்து, இட்லி ஊற்றி, வாரத்துக்கொரு முறை துவைக்கும் தலையணை உறைகளை ஊறவைத்து, மின்விசிறிகளைத் துடைத்து முடித்தபோது மணி பதினொன்றே கால். அப்போது மாடியில் குடியிருக்கும் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்க. இப்பதான் மெசேஜ் வந்துச்சு. அவரு பெங்களூர்ல இருக்காரு. ஆப்புல ஆள் தேடுனா ரெண்டு நாளு முன்னாடியே புக் பண்ணணுங்குது. பாப்பாவ ஒரு நாளு வச்சிக்கிறீங்களா?"

எட்டரைக்குக் கொண்டுவந்து விடச் சொன்னேன். அவள் உடனே போகவில்லை. யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, யார் லீவு போட்டார்கள், ஏன் இவள்தான் போக வேண்டியிருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே நின்றாள். சம்மதம் கிடைத்த பிறகும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்கிற அந்த நிற்றல் எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் நிற்பாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா ராணுவத்தில், எங்கோ வடக்கே இருந்தார். கடலூர் முதுநகரில் ஒரு வாடகை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள்தான் என்றாலும், மாதத்தில் இரண்டு ஞாயிறாவது காலை ஆறு மணிக்கு வார்டு ஆள் சைக்கிளில் வந்து மணியடித்து, "சிஸ்டர், டூட்டி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவார். முதலில் கொஞ்ச நாள் வீட்டுக்கார அம்மாள் என்னை வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் குழாயடியில், "என்னமோ நான் சம்பளத்துக்குப் புள்ள பாக்குற மாதிரி இல்ல இருக்கு" என்று யாரிடமோ சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அம்மா அந்த வாசலில் போய் நிற்கவில்லை.

சிதம்பரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தாத்தாவும் சித்தியும் இருந்தார்கள். சித்திக்கு இருபத்தாறு வயது. ஒரு மருந்துக் கடையில் வேலை, ஞாயிறு விடுமுறை. போன் கிடையாது, டூட்டி காலையில்தான் தெரியும் என்பதால் முன்கூட்டிச் சொல்லவும் வழி கிடையாது. டூட்டி வந்தால் அம்மா எனக்குத் தலை வாரி, ஏழரை மணி பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார வைப்பாள். செம்மங்குப்பம் வந்ததும் தொழிற்சாலை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வேன், வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் எழுந்து நின்றுகொள்வேன். இறங்கி, சந்துக்குள் ஓடி, கதவைத் தட்டினால் சித்தி திறந்து, "வந்துட்டியா கண்ணு, மாவு ஒரு கரண்டிதான் இருக்கு, உனக்குத்தான்" என்பாள். நான் வரப் போவது தெரியாத வீட்டில் எனக்கென்று எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது.

மருந்துக் கடையிலிருந்து சித்தி காலி அட்டைப் பெட்டிகள் கொண்டுவருவாள். இருமல் மருந்துப் பெட்டி, டானிக் பெட்டி, குளுக்கோஸ் பெட்டி. அவற்றை அடுக்கி, கஞ்சிப் பசை போட்டு ஒட்டி, நாங்கள் ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தோம். கீழ்த்தளம் முடிந்திருந்தது. அடுத்த முறை மாடி என்று பேச்சு.

அந்த நேரத்தில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அம்மா வேலையிலிருந்து வரவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருந்த ஜோசப் மாமா அந்தச் சிதம்பரம் பஸ்ஸில்தான் கண்டக்டர்; இரண்டு வீட்டுக்கும் நடுவே சேதி கொண்டுவருபவரும் அவர்தான். ஞாயிறு மட்டும் கோயிலுக்குப் போவதற்காக வேலைக்குப் போகமாட்டார், வேறொருவர் வருவார். தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் என் முன்னால் நின்றார்.

"இன்னா பாப்பா, அம்மா வரலியா? வந்தா சொல்லு. நாளைக்கு டூட்டி வந்தாலும் உன்ன சிதம்பரத்துக்கு அனுப்ப வேணாமாம். உங்க சித்திய பொண்ணு பாக்க வராங்களாம். மறக்காம சொல்லணும், ஆமா."

தலையை ஆட்டினேன். அம்மா வந்தாள், குளித்தாள், ரசம் வைத்தாள். நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருடத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. ஆனால் நான் மறக்கவில்லை. டூட்டி வந்தால்தானே அனுப்புவார்கள், வராமலும் போகலாம், அப்படியிருக்க எதற்கு இப்போதே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லி, டூட்டியும் வந்துவிட்டால், ஆஸ்பத்திரி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் உட்கார வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

காலை ஆறு மணிக்குச் சைக்கிள் மணி கேட்டது.

கதவைத் திறந்த சித்தி நீலப் பட்டுப்புடவையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகுதான் சிரித்தாள். உள்ளேயிருந்து தாத்தா, "சேதி சொல்லி அனுப்புனோமே, உங்க அக்காவுக்கு ஒரு நாளு பொறுக்கலியா?" என்றார். "விடுங்கப்பா, அக்காவுக்கு டூட்டி வந்திருக்கும்" என்று சித்தி சொன்னாள். ஆனால் என் தலையைத் தடவிக் கொடுக்கவில்லை.

கேசரித் தட்டைக் கையில் கொடுத்து என்னைப் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். புவனகிரியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பேச்சுச் சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் நானாகவே எழுந்து போய், வழக்கம்போலச் சித்தியின் மடியில் சாய்ந்துகொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா பருத்த உடம்பும் நல்ல சிரிப்புமாக இருந்தார்.

"யாரு கண்ணு நீ? அடிக்கடி இங்க வருவியா?"

"அம்மாவுக்கு டூட்டி வந்தா வருவேன். சித்திதான் என்னப் பாத்துக்கும்."

"சித்தி கல்யாணம் ஆயி எங்க வீட்டுக்கு வந்துட்டா?"

"அப்ப அங்க வருவேன். பஸ்ஸு போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "பாருடா, ஒண்ணு கேட்டா ரெண்டா குடுக்குறாங்க" என்று அந்த அம்மாள் மகனின் தொடையில் தட்டினார். நன்றாகப் பேசிவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் சொல்லி அனுப்பினார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் அக்கா வீட்டுப் பொறுப்பு முழுக்க அவள் தலையில்தான் இருக்கிறது, நாளைக்கு இவள் எங்கள் குடும்பத்தைப் பார்ப்பாளா, அக்கா குழந்தையைப் பார்ப்பாளா என்று யோசிக்கிறார்களாம். யோசிக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தாத்தா கடலூருக்கே வந்து சத்தம் போட்டார். தனக்கு எந்தச் சேதியும் வரவில்லை என்று அம்மா அழுதாள். "ஜோசப்பு மாமா உங்கிட்ட எதனா சொன்னாரா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். அவரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். அவர் என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தேன்.

"மறந்துட்டேன் சிஸ்டர்" என்றார். "அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. என் தப்புதான்."

அவரைக் காப்பாற்றும் ஒரு வார்த்தை என் வாயில்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அம்மாவும் கண்டக்டரும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தாத்தா சாப்பிடாமல் பஸ் ஏறினார். சித்தியும் அதையே நம்பினாள். அக்கா எல்லாம் தெரிந்தே, தன் வசதிக்காக, குழந்தையை அனுப்பிவைத்தாள் என்பது அவளுடைய மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அதன்பிறகு அம்மா ஜோசப் மாமாவிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை, என்னையும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆஸ்பத்திரியில் நர்சுகள் உடை மாற்றும் அறையில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சித்திக்கு அதற்குப் பிறகும் இரண்டு வரன்கள் வந்தன. ஏதேதோ காரணங்களால் அமையவில்லை. அப்புறம் தாத்தா படுத்துக்கொண்டார், அவரைப் பார்த்துக்கொண்டதில் வருடங்கள் போயின. அந்த ஒரு ஞாயிற்றால்தான் அவள் வாழ்க்கை இப்படி ஆனது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆகவில்லை என்று சொல்லவும் இல்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: அக்கா தங்கை இருவரும் நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜோசப் மாமா நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்தார். அம்மா போன தை மாதம் போய்விட்டாள்.

இன்று எந்தக் கண்டக்டரிடமும் யாரும் சேதி சொல்லி அனுப்புவதில்லை. எட்டு வயதுப் பெண்ணைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டால் போலீஸ் நம்மைத்தான் தேடி வரும். முன்னால் சொல்லாமல் போய்த் தட்டக்கூடிய கதவு என்று ஒன்று, எங்கள் மாடி வீட்டுக் குழந்தைக்கு, தரைத்தளம் வரை இறங்கினால்தான் இருக்கிறது. அதையும் அவள் அம்மா தயங்கித் தயங்கித்தான் தட்டினாள். சனிக்கிழமை மாலை இவ்வளவையும் டைரியில் எழுதினேன். இருபத்தேழு வருடமாக டைரி எழுதுகிறேன்; இதை எழுதியது இதுவே முதல் முறை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஐந்தரை மணிக்கு, வாசல் தெளிப்பதற்கும் முன்னால் சித்திக்குப் போன் செய்தேன். அறுபத்தொன்பது வயதில் தனியாக இருப்பவள் அந்நேரத்துப் போனுக்குப் பயந்துவிடுவாள் என்பது பிறகுதான் உறைத்தது. யாருக்கும் ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, ஜோசப் மாமா சேதியை என்னிடம்தான் சொன்னார், நான்தான் சொல்லவில்லை, அம்மாவுக்கு அன்றைக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன்.

"இரு, அடுப்புல பாலு இருக்கு" என்றாள் சித்தி. போனை எங்கோ வைத்த சத்தம் கேட்டது. குழாய் திறந்தது, மூடியது. பாத்திரம் ஒன்றை நகர்த்தினாள். நான் துண்டிக்காமல் காத்திருந்தேன். நான்கு நிமிடம் ஆனது.

"இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன் சித்தி."

"அக்காவ எடுக்கறப்ப எல்லாரும் மொகம் பாத்தாங்க. நான் பாக்கலடி. தூரமா நின்னுட்டேன்."