மேம்பாலத்து ஜன்னல்

அந்தத் தையல்காரரைத் தெருவே 'ஊசி' என்றுதான் கூப்பிடும். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். அவருடைய மூன்றாம் மாடி ஜன்னலை உரசாத குறையாக மேம்பாலம் போகிறது. பாலத்தின் மேல் வெயில் கொளுத்தும். கீழே பட்டப்பகலிலும் கடைகளில் விளக்கு எரியும். ஒரே நகரம்தான். மேலே பறக்கிறவர்களுக்குக் கீழே ஒரு தெரு இருப்பதே தெரியாது.

அப்படிப் பறக்கிறவர்களில் ஒருவன் அவர் மகன், பஸ் டிரைவர். தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "இனி இந்தப் படி ஏறாதே" என்றார் ஊசி. அவன் ஏறவில்லை. ஆனால் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் ஹாரனை இரண்டு தட்டு தட்டுவான். ஊசி தலை நிமிர மாட்டார். மெஷின் மட்டும் நிற்கும். கடைக்கண்ணால் அவன் முகத்தைப் பார்த்த பிறகே மறுபடி ஓடும்.

பாலத்து இரைச்சலுக்குத் தடுப்பு வேண்டும் என்று முன்பொரு காலத்தில் தெருவையே திரட்டிப் போய்க் கேட்டவரும் அவர்தான். அது ஆடி அசைந்து இப்போதுதான் வந்தது. ஆட்கள் தகரப் பலகைகளை வரிசையாக முடுக்கிக்கொண்டே வந்தார்கள். தன் ஜன்னலுக்கு நேரே வந்ததும் ஊசி தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்களேன்."

"சத்தம் தாங்கலன்னு நீங்கதானே கேட்டீங்க, பெரியவரே?"

"கேட்டேன். இப்ப பழகிடுச்சு."

"நடுவுல ஓட்டைப் பல்லு மாதிரி விட்டா என் வேலை போயிடும்."

மறுநாள் ஹாரன் கேட்டது. முகம் இல்லை. நின்ற மெஷின் நின்றதுதான்.

"தான் வெட்டின குழியில தானே விழுந்தாச்சு" என்றாள் மனைவி. "சட்டைய மாத்திக்கிட்டுக் கிளம்புங்க. அவன்தான் நம்ம படி ஏறக்கூடாது. நீங்க பஸ் படி ஏறலாமில்ல?"

நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றார். மகனின் பஸ் வந்ததும் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியில் இருவர் கண்களும் ஒருமுறை மோதி விலகின. பஸ் பாலத்தில் ஏறியது. தகரப் பலகைகள் ஓடத் தொடங்கின. வீடு இருக்கும் இடத்தில் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.

ஊசிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நான்தான் இங்க இருக்கேனே?"

"அம்மா அங்க இருக்காங்கல்ல."

சாலையிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை.

"கம்பியப் புடிச்சுக்கங்கப்பா. வளைவு வருது."

ஊசி பிடித்துக்கொண்டார்.