பாதித் தெருவுக்கு நாவல்பழம்

பழத்தைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவது, சாப்பிட்டவரின் ரத்தத்தைக் கேட்டு மறுபடியும் கெஞ்சுவது: இதற்குப் பெயர்தான் உயிர்வேதியியல் ஆராய்ச்சி.

பிஎச்.டி. கைடு என்றொருவர் வாய்க்கப்பெற்ற என் இனத்தாரே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயலுக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்களின் செல்லுக்குள் டி.என்.ஏ. அடிபடலாம். நாவல்பழத்தின் ஊதா நிறத்தில் இருக்கிற ஆன்டிஆக்சிடன்ட்டுகள் அந்தச் சேதத்தைக் குறைக்குமா என்பது என் கேள்வி. குறுவைக்கு மருந்தடிக்கும் காலமும் நாவல்பழக் காலமும் சேர்ந்தே வருவதால், தஞ்சாவூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் பழக்கூடையோடு வெண்ணாற்றங்கரையோர ஊர் ஒன்றுக்குப் போனேன். இந்தத் தடவை சோதனை கெட்டால் அடுத்த பழக் காலம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் உதவித்தொகை நின்றுவிடும், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டில் எது பயங்கரம் என்று கேட்காதீர்கள்.

போட்டோ

முதல் கூட்டம் மாரியம்மன் கோயில் வாசலில். மருந்தடிக்கிற ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். லேப்டாப்பில் படம் காட்டினேன். நல்ல செல் மைக்ராஸ்கோப்பில் உருண்டையாகத் தெரியும், டி.என்.ஏ. உடைந்த செல்லுக்குப் பின்னால் வால்நட்சத்திரம் மாதிரி ஒரு வால் நீளும். வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு சேதம். வகுப்பில்கூட நான் இவ்வளவு அழகாக விளக்கியதில்லை.

முன்வரிசையில் இருந்த கலியமூர்த்தி அண்ணன் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு எடுக்கறப்ப உருண்டையா இருக்கறதாப் பார்த்துப் புடிங்க மேடம். வாலு முளைச்சது எதுனா வந்தா எம் மச்சானுதுன்னு எழுதிக்கங்க."

சுகர்

பழம் கொடுக்கத் தொடங்கும் முன்பு எல்லோரிடமும் ஒரு தடவை ரத்தம் எடுத்தோம். நர்ஸ் ஊசியை எடுக்கவும் நான் பேசத் தொடங்கவும் சரியாக இருக்கும். "இது டி.என்.ஏ.வுக்கு, சுகருக்கு இல்லை" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தொண்டை வறண்டது. ஆரோக்கியசாமி அண்ணனோடு துணைக்கு வந்த அவர் மனைவி லூர்து அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புரிந்துகொள்ள ஒருவராவது இருக்கிறாரே என்று பூரித்துப்போனேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்த கணவரைக் காட்டி அக்கா கேட்டார்: "அதெல்லாம் சரி பாப்பா, இவுருக்குச் சுகர் எவ்வளவு இருக்கு?"

போர்டு

தினமும் கூடை கூடையாக வாங்குகிறேனே என்று தஞ்சாவூர்க் கீழவாசல் பழக்கடைக்காரர் காரணம் கேட்டார். சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை. மறுநாள் கடையில் அட்டை தொங்கியது: 'டி.என்.ஏ. பழம். கேன்சர் வராது.' நடுத்தெருவில் நின்று சண்டை போட்டேன். ஆராய்ச்சி முடியவில்லை, முடிந்தாலும் அப்படிச் சொல்ல முடியாது, செல்லில் சேதம் குறைவது வேறு, நோய் வராமலிருப்பது வேறு என்று நான் அடுக்க அடுக்க, வாங்க வந்த கூட்டம் பெருகியதுதான் மிச்சம்.

அடுத்த நாள் அட்டை மாறியிருந்தது. கடைக்காரர் பெருமையோடு சொன்னார்: "நீங்க சொன்னீங்கன்னு 'வராது'ங்கறதை எடுத்துட்டேம்மா. 'வந்தாலும் போயிடும்'னு போட்டிருக்கேன்."

நாக்கு

இனிதான் வயிற்றெரிச்சல். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஊரை இரண்டாகப் பிரித்திருந்தேன். பாதிப் பேருக்குப் பழம். மீதிப் பேர் காலம் முடியும்வரை நாவல்பழத்தைத் தொடவே கூடாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் பழம் வேலை செய்கிறதா என்று தெரியும். ஆரோக்கியசாமி அண்ணன் வீடு பழம் பக்கம். அடுத்த வீட்டுக் கலியமூர்த்தி அண்ணன் வெறும் பக்கம். இரண்டாம் தடவை ரத்தம் எடுக்கும் நாளில் கலியமூர்த்தி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாக்கு கருஞ்சாயத் தொட்டியில் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் அப்படியே. அவருக்குப் பின்னாலும்.

"யார் கொடுத்தது?" என்று கத்தினேன். யாரும் மறைக்கவில்லை, அதுதான் கொடுமை. நான் கூடையை இறக்கிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பியதும், வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் பழம் போயிருக்கிறது. மேலே உப்பு வேறு தூவி. "அக்கா, என் ஆராய்ச்சியே போச்சு" என்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

லூர்து அக்காவுக்கு என்மேல்தான் கோபம்: "பந்தியில ஒரு இலைக்குப் பாயசம் ஊத்திட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போவியா நீ? படிச்ச புள்ள செய்யற காரியமா இது?"

கூண்டு

கைடு முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர்களை விட்டுவிடு, புதிதாகத் தொடங்கு என்றார். அப்படியென்றால் ஒரு வருடம் போயிற்று, மாப்பிள்ளை வந்தார். "சார், அவங்க ஏமாத்தலை சார், பகிர்ந்துக்கிட்டாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "எலிக்குப் போயிடும்மா. எலி பக்கத்துக் கூண்டுக்குக் கிண்ணத்துல போட்டுக் கொடுத்தனுப்பாது."

சம்பா

லேப் வாசலிலிருந்து அவருடைய கார் வரைக்கும் வாதாடிக்கொண்டே போனேன். பழத்துக்கு முன் எடுத்த ரத்தம் இருக்கிறது, எல்லோரும் பழம் சாப்பிட்டபின் எடுத்ததும் இருக்கிறது. காலம் முடிந்தால் மரம் யாருக்குமே பழம் தராது. சம்பாவுக்கு அதே ஆட்கள் மருந்தடிக்கும்போது மூன்றாம் தடவை எடுத்தால், ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடலாமே! கார் கதவைச் சாத்தியபடி சொன்னார், அத்தனை பேரும் வந்தால் பார்க்கலாம், ஒரு ஆள் குறைந்தாலும் எலிதான் என்று. பழமும் கிடையாது, சுகரும் பார்க்கமாட்டோம்; மூன்றாம் தடவை கை நீட்ட யார் வருவார்?

மூன்றாம் தடவை ரத்தம் எடுக்கும் அன்று மழை. பயந்துகொண்டே போனேன். கோயில் வாசலில் குடையும் சாக்குமாக ஒருவர் விடாமல் நின்றார்கள். எண்ணிப் பார்த்தால் ஆள் கூடுதல்! மருந்து டேங்க்கைத் தொட்டே பார்க்காத டீக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் தையல்காரர், ரேஷன் கடைக்காரர். நீங்கள் என் பட்டியலில் இல்லை அண்ணே என்று பணிவாகத்தான் சொன்னேன்.

டீக்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது: "ஊர்ல எல்லார்கிட்டயும் எடுத்துட்டு எங்களை மட்டும் விட்டுட்டுப் போவியா? மருந்தடிக்கலைன்னா எங்க உடம்புல ஓடறது என்ன, டீத்தண்ணியா?"

நாவல்பழம் டி.என்.ஏ.வைக் காக்கிறதா என்று மைக்ராஸ்கோப் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இந்த டெல்டாவில் ஒருத்தரை விட்டுவிட்டு இன்னொருத்தரை ஆராய முடியாது என்று எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஏறிச் சத்தியம் செய்வேன்.