துருப்பிடித்த கவசமும் இல்லாத நெஞ்சுவலியும்

நடந்ததைச் சொல்வதற்கு முன், அது நடக்கும்வரை நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திருப்பணிக் குழுவின் தலைவன். இரண்டு வீட்டாருக்குள் சுவர்த் தகராறு என்றால் என் வீட்டுப் படிதான் ஏறுவார்கள். சைவக் குடும்பம். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. இன்று பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரில் கறை படாமல் பார்த்துக்கொள்வது முழுநேர வேலை. அதைச் சம்பளமின்றிச் செய்துவந்தேன்.

இப்போது நான் இதய நோயாளி. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் — என் மருத்துவரைத் தவிர.

நான் செய்த குற்றம், காஸ்பிளே. காமிக்ஸிலோ வீடியோ கேமிலோ வரும் ஒரு பாத்திரத்தின் உடையைத் தானே உருவாக்கி, அணிந்து, தன்னைப் போன்றவர்களோடு ஒரு நாள் கூடி மகிழ்வது. அவ்வளவுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் மீனாவுக்கு இது நெடுநாள் பொழுதுபோக்கு. கோடை விடுமுறைக்கு வந்தவள் ஒரு தோள்கவசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அணிந்தால் கையைத் தூக்க முடியவில்லை. ஒரே தகடாக இருந்தால் எப்படித் தூக்கும்? மரவட்டையின் முதுகைப் போலத் துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டிக் கொடுத்தேன். தூக்கியது.

அன்று அகப்பட்டுக்கொண்டேன்.

அவள் போன பிறகு எனக்கென்று ஃபோம் ஷீட் வாங்கினேன். சூடு காட்டி வளைக்க ஒரு ஹீட் கன். ஒட்டுவதற்குச் செருப்புக் கடைப் பசை. நான் தேர்ந்தெடுத்தவர் ஒரு காமிக்ஸில் வரும் கிழட்டுத் தளபதி. போரில் தோற்று, துருவேறிய கவசத்தோடு தனியாக ஊர் திரும்புகிறவர். பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துருவைக் கொண்டுவரப் பசையில் காபிப் பொடி கலந்து பூச வேண்டும். டப்பா சீக்கிரம் காலியாவதைப் பார்த்த என் மனைவி காந்திமதி, "இந்த வயசுல இம்புட்டுக் காப்பி ஆவாது, சொல்லிட்டேன்" என்றாள். கவசம் மீனாவுக்கு என்றே அவள் நினைத்திருந்தாள். நானும் பேச்செடுக்கவில்லை.

தசரா விடுமுறையில் எங்கள் ஊர் வண்ணார்பேட்டை மண்டபம் ஒன்றில் காஸ்பிளே கூட்டம். விடுமுறைக்கு வந்திருந்த மீனா காரை நிறுத்த இடம் தேடிப் போனாள். நான் முழுக் கவசத்தோடு சாலையோரம் நின்றேன்.

தசரா வந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். திருச்செந்தூருக்கு அப்பால் குலசையில் இருக்கும் அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் காளியாக, அனுமனாக, அரசனாக, கரடியாக வேஷம் கட்டிக் காணிக்கை பெற்று வருவார்கள். கட்டியவரை அம்மனாகவே பார்ப்பது வழக்கம். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் முந்தானையை ஏந்தி, "அம்மா, திருநீறு குடுங்க" என்றாள். என்னிடம் திருநீறு ஏது? "நான் வேஷம் கட்டியவன் இல்லையம்மா" என்றேன். என் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, மனம் வாடி விலகினாள்.

அப்போது மேளத்தோடு ஒரு தசரா செட், அதாவது வேஷம் கட்டியவர்களின் குழு, வந்தது. அதிலிருந்து ஒருவர் மட்டும் என்னருகே நின்றார். தோள்கவசத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன வேசம் அண்ணாச்சி இது? நம்ம பக்கத்துல பாத்ததில்லையே. நீங்களே செஞ்சதா?"

"நானேதான்."

"வேண்டுதலா?"

"இல்லை."

"பொறவு?"

"பிடிச்சிருக்கு" என்றேன்.

அவர் திரும்பித் தம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் வேண்டுதல் எப்பவோ தீந்துபோச்சு அண்ணாச்சி. ஆனா கட்டாம இருக்க முடியல. புரட்டாசி பொறந்தா கை சும்மா இருக்க மாட்டேங்கு. வெளிய சொல்லிராதிய."

சொல்ல மாட்டேன் என்றேன். அதனால் அவர் என்ன வேஷத்தில் இருந்தார் என்பதை எழுத மாட்டேன். வாக்கு வாக்குதான்.

மண்டபத்துக்குள் என்னை யாரும் 'சார்' என்று அழைக்கவில்லை. அதே காமிக்ஸின் எதிரிப் படை வீரனாக வந்திருந்த ஓர் இளைஞர் என் முன்னே மண்டியிட்டார். "மன்னிச்சிருங்க தளபதி... உங்க கோட்டையப் புடிச்சது நாங்கதான்."

"புடிச்சதை ஒழுங்கா வெள்ளையடிச்சு வச்சிக்கிடுங்க" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னோடு கடைசியாக ஒருவர் விளையாடியது எப்போது? யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை தெரு வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்திருந்தது. வண்ணார்பேட்டைச் சாலையோரம், கவசத்தோடு நான். கீழே ஒரு வரி: 'நம்ம புரொபசருக்குக் கோட்டி பிடிச்சிட்டோ?' கோட்டி என்றால் எங்கள் பக்கத்தில் பைத்தியம்.

படத்தோடு என் மைத்துனர் சங்கரலிங்கம் வந்து சேர்ந்தார். காந்திமதியின் தம்பி, திருப்பணிக் குழுவின் செயலாளரும் அவரே.

"என்ன அத்தான் இது? சிரிப்பாச் சிரிக்குதாவ. வருசாபிசேகத்துக்கு உங்களத் தலைவரா எப்படி மேடையில உக்கார வைக்க?"

"காஸ்பிளே என்பது ஒரு படைப்புக் கலை, சங்கரலிங்கம்..."

"அத்தான், நீங்க சும்மா இரிங்க. நான் பாத்துக்கிடுதேன்."

என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் எழுதினார்; அனுப்பினார்; பிறகுதான் படித்துக் காட்டினார். 'அத்தானுக்கு நெஞ்சில் சிறு பிரச்சினை. குலசை அம்மனுக்கு வேண்டுதல். யாரும் கேலி பேச வேண்டாம்.'

"அதை அழிச்சிரும்" என்றேன்.

"அழிச்சா, கோட்டின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் அத்தான்."

காந்திமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தம்பி சொல்லுதது சரிதான். சீக்காளின்னா நாலு பேரு பழம் வாங்கிட்டு வருவாவ. கோட்டின்னா?"

குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக விழத் தொடங்கின.

பழங்கள் வந்தன. மாதுளை, சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். வந்தவர்கள் என்னிடம் பேசவில்லை; என் நெஞ்சைப் பார்த்துப் பேசினார்கள். "பைய நடங்க சார்." வேண்டுதல் என்றால் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். நான் காப்புக் கட்டியதை யார் பார்த்தார்கள்? விரதம் இருந்ததை யார் பார்த்தார்கள்? யாருக்கும் அது தேவைப்படவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் எனக்கு நோய் இல்லை என்றேன். "தைரியமா இருக்கியளே, அதுவே போதும்" என்று கையைப் பற்றிக்கொண்டார்கள்.

நம்மூரில் ஓர் ஆண் முகத்தில் சாயம் பூசிக்கொள்ள இரண்டு காரணங்களுக்கு அனுமதி உண்டு: கடவுள், பிழைப்பு. மகிழ்ச்சி என்று ஒருவன் சொன்னால் அவனைக் கோட்டி என்கிறோம்... அல்லது, அவன்மீது அன்பிருந்தால், அவனுக்கு ஒரு நோயைக் கொடுத்துக் காப்பாற்றுகிறோம்.

வருஷாபிஷேக மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தலைவர் உரை ஆண்டுதோறும் என்னுடையது. பொன்னாடை போர்த்தினார்கள். சங்கரலிங்கம் மைக்கைப் பிடித்து, "நெஞ்சு வலியோடயும், அட்டையில வேசம் கட்டி, வெயில்ல நடந்து அம்மனுக்கு நேர்ச்சையச் செலுத்தின நம்ம அத்தான்..." என்றார். கைதட்டல். நான் எழுந்தேன். மைக்குக்குக் கை நீட்டினேன்.

"ஐயாவுக்கு மூச்சு வாங்கும். இந்த வருசம் பேச வேண்டாம்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்று குழுவில் ஒருவர் சொல்ல, மைக் அடுத்தவருக்குப் போனது. இரண்டு பேர் என் தோளைப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு, உட்கார வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மீனாவும் இருந்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள். பெங்களூருக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "அப்பா, இனிமே நான் இங்கன வந்து வேஷம் போட்டா, எனக்கு என்ன வியாதின்னு மாமா சொல்லுவாங்க?"

ஆகையால், மேடையில் மறுக்கப்பட்ட உரையை இங்கே நிகழ்த்துகிறேன். இதைப் படித்த பின் திருப்பணிக் குழு வேறு தலைவரைத் தேடலாம். தேடட்டும். இது அச்சில் வரப்போகிறது என்று சொன்னதிலிருந்து காந்திமதி என்னோடு பேசுவதில்லை. காபி மட்டும் நேரத்துக்கு வருகிறது. தம்ளரை வைக்கும் ஓசைதான் சற்றுப் பலமாக இருக்கிறது.

என் நெஞ்சில் கோளாறு எதுவும் இல்லை. நான் எந்த அம்மனுக்கும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தக் கவசத்தை அணியப் பிடித்திருந்தது, அணிந்தேன்.

அப்புறம், அது அட்டையும் அல்ல. ஃபோம்.